ஞாயிறு படக்கூட்டத்துக்கு சார்லஸ் பிரான்சன்: எந்தப் படம் போடலாம்?

செக்காலைவாசி எழுதியது:

அடுத்த கூட்டத்துக்குப் படம் தேர்வு செய்யும் முறை என்னுடையது. நம்பியார், வீரப்பா, அசோகன் என்று நம் பக்கத்து முரட்டு முகங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்த முறை கடல் தாண்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சன். எந்தப் படம் என்பதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். அதற்கு முன் எனக்கு ஏன் அந்த மனிதர் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

பிறந்தது 1921 நவம்பர் 3. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து எரன்ஃபெல்ட், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். சொந்தப் பெயர் சார்லஸ் புச்சின்ஸ்கி. அப்பா லித்துவேனியாவிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி. 15 பிள்ளைகளில் இவர் 11-ஆவது. இவருக்குப் பத்து வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டில் ஆங்கிலம் பேச மாட்டார்கள், இவர் அதைச் சரியாகப் பேசக் கற்றதே பதின்ம வயதில்தான். போட்டுக்கொள்ளத் துணி இல்லாமல் அக்காவின் கவுனோடு பள்ளிக்கூடம் போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் சுரங்கம். ஒரு டன் நிலக்கரிக்கு ஒரு டாலர் கூலி. அந்தக் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்த முதல் ஆள் இவர்தான்.

1943-இல் ராணுவ விமானப் படையில் சேர்ந்து, பி-29 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கிக்காரராகப் பசிபிக் போர்முனையில் பறந்தார். காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கினார். போர் முடிந்து ஓவியம் படித்தார், நாடகங்களுக்கு மேடை அமைப்பு வரைந்தார், அந்த வழியாகத்தான் நடிப்புக்கே வந்தார். பாசடீனா நாடகப் பள்ளியில் பயிற்சி. முதல் படம் 1951-இல். 1953-இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' படத்தில் வாய் பேசாத வேலையாள். 1954-இல் பெயரை பிரான்சன் என்று மாற்றிக்கொண்டார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம் அது. கிழக்கு ஐரோப்பியப் பெயரோடு ஹாலிவுட்டில் இருப்பது ஆபத்து.

பிரான்சனின் முரட்டுத்தனம் துப்பாக்கியில் இல்லை என்பதுதான் என் கட்சி. அது உழைத்த உடம்பின் முரட்டுத்தனம். 1960-இல் வந்த 'தி மேக்னிபிசென்ட் செவன்' படத்தில் அவர் அறிமுகமாகும் இடத்தைப் பாருங்கள். மற்ற துப்பாக்கிக்காரர்களில் சிலருக்கு ஆயுத வித்தையோடு ஓர் அறிமுகம் இருக்க, இவர் விறகு வெட்டிக்கொண்டிருப்பார், காலைச் சாப்பாட்டுக்காக. கோடாரி பிடித்த கை நடிகனின் கை இல்லை. அதே படத்தில் கிராமத்துப் பையன்கள் தங்கள் அப்பாக்கள் கோழைகள் என்று சொல்லும்போது, ஒருவனைப் பிடித்து அடித்துவிட்டு, குடும்பத்துக்காக நிலத்தில் பாடுபடுகிறானே அவனுக்குத்தான் என்னைவிடத் துணிச்சல் என்று சொல்வார். பத்து வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர் அந்தக் காட்சியில் நடிக்கிறார் என்று தெரிந்து பார்த்தால் நெஞ்சை அடைக்கும்.

சரி, சொல்லுங்கள்.

ரஸ்தா தம்பி எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணே? 'டெத் விஷ்'. 1974. பிரான்சன் என்றாலே உலகம் அந்தப் படத்தைத்தான் சொல்லும். 52 வயதில் உச்ச நட்சத்திரம் ஆனது அதில்தான். நம் ஆட்களுக்கும் ஒட்டு இருக்கிறது. 'நான் சிகப்பு மனிதன்' பார்க்காதவர் நம் ஊரில் யார்? 1985-இல் ரஜினி நடித்து எஸ்.ஏ. சந்திரசேகர் எடுத்தது. அது 'ஆஜ் கி ஆவாஸ்' என்ற இந்திப் படத்தின் மறுவடிவம், அந்த இந்திப் படத்துக்குத் தூண்டுதல் 'டெத் விஷ்'. ராத்திரி தெருவில் தனியாக நடந்துபோய்த் தப்பு செய்கிறவனைச் சுடும் மனிதன் நியூயார்க்கில் கிளம்பி, பம்பாய் வழியாக நம் கொட்டகைக்கு வந்திருக்கிறான். கூட்டத்தில் இதை வைத்து மட்டுமே இரண்டு மணி நேரம் பேசலாம்.

பழைய ஆபரேட்டர் எழுதியது:

தம்பி, என் ஓட்டு 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்'. 1968, இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி எடுத்தது.

நான் ஆபரேட்டர் ரூமில் வாழ்ந்தவன். சின்னச் சதுர ஓட்டை வழியாகத்தான் எனக்குப் படம். வசனத்தை இயந்திரச் சத்தம் தின்றுவிடும், முகம் மட்டும் மிச்சமிருக்கும். அதனால் யார் வாயால் நடிக்கிறார், யார் கண்ணால் நடிக்கிறார் என்பது எங்களுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களைவிடச் சீக்கிரம் தெரியும். மதுரையில் காலைக் காட்சிக்கு ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். சத்தமே இல்லாமலும் புரிந்த ஒரே நடிகர் பிரான்சன்.

அந்தப் படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். பாலைவனத்தில் ஒரு ரயில் நிலையம். மூன்று பேர் காத்திருக்கிறார்கள். காற்றாடி கிரீச்சிடுகிறது, ஈ ஒன்று முகத்தில் ஊர்கிறது, தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. பேச்சு ஏறத்தாழ இல்லை. ஆயிரம் அடி ரீல் என்றால் 11 நிமிஷம் ஓடும், அந்தக் காத்திருப்பு அப்படியே ஒரு ரீலைத் தின்றுவிடும். ரயில் வருகிறது, யாரும் இறங்கவில்லை, ரயில் போகிறது. அது போன பிறகு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பிரான்சன் நிற்கிறார், வாயில் மவுத் ஆர்கன். அவ்வளவுதான் அறிமுகம். என்னியோ மோரிக்கோனி இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே போட்டுக் கொடுத்துவிட்டார், அதை ஒலிக்கவிட்டே காட்சிகளை எடுத்தார்கள். நடிகர்கள் நடப்பதே அந்தத் தாளத்தில்தான்.

படம் முழுக்க அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது. யார் நீ என்று வில்லனாக வரும் ஹென்றி ஃபோண்டா கேட்கும்போதெல்லாம் செத்துப்போனவர்களின் பெயர்களைச் சொல்வார். ஏன் என்பது கடைசியில் தெரியும்போது, அதுவரை அந்த முகத்தில் பார்த்த அத்தனை அசையாமைக்கும் கணக்கு நேராகும். செக்காலை அண்ணன் சொல்லும் உழைத்த உடம்பு சரிதான். ஆனால் அந்த உடம்பு சும்மா நிற்கும்போதுதான் அதன் பலம் தெரியும் என்பது என் கட்சி.

பள்ளத்தூர் மகள் எழுதியது:

'டெத் விஷ்' வேண்டாம். காரணத்தோடு சொல்கிறேன்.

அந்தப் படத்தின் மூலம் பிரையன் கார்ஃபீல்டு எழுதி 1972-இல் வந்த நாவல். தானே நீதி வழங்கக் கிளம்பும் மனிதன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்று எச்சரிக்கும் கதை. படம் அந்த எச்சரிக்கையைக் கழற்றிவிட்டு, அவன் சுடச் சுடக் கை தட்ட வைக்கிறது. நாவலாசிரியருக்கே படத்தின் போக்கு பிடிக்கவில்லை. அதைவிட எனக்குப் பொறுக்காதது, அந்த வீட்டுப் பெண்களுக்கு நடக்கும் கொடுமையைக் கேமரா காட்டும் விதம். மனைவி சாகிறாள், மகள் பேச்சிழந்து போகிறாள், அதற்குப் பிறகு கதையில் அவர்களுக்கு இடமே இல்லை. அவர்களுடைய வலி, கணவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். அடுத்தடுத்து வந்த பாகங்களில் இது இன்னும் மோசம். 1982, 1985, 1987, 1994 என்று மொத்தம் ஐந்து படமாக நீட்டினார்கள்.

கூட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறோம். அது தனிக் காரணம். பிள்ளைகள் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ரஸ்தா தம்பி எழுதியது:

அக்கா, பெண்களைக் காட்டிய விதம் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் முதல் பாகத்தில் பிரான்சனின் நடிப்பைத் தள்ளிவிட முடியாது. அந்த மனிதர் ஒரு கட்டடக் கலைஞர், கொரியப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து மருத்துவப் பிரிவில் வேலை செய்தவர். முதன்முதலில் ஒருவனைச் சுட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து வாந்தி எடுப்பார். அந்த இடத்தில் வீரம் எங்கே இருக்கிறது? பயமும் அருவருப்பும்தான். அதை அவர் முகம் அப்பட்டமாகக் காட்டும். பிற்பாடு வந்த பாகங்களில் அந்த வாந்தி இல்லை. வெறும் துப்பாக்கிதான் மிஞ்சியது. அந்த நாலு படத்தையும் நான் கேட்கவில்லை.

செக்காலைவாசி எழுதியது:

தம்பி சொல்வது நியாயம். அதோடு நான் இதையும் சேர்ப்பேன். 1980-களில் கேனன் என்ற நிறுவனத்துக்காக அவர் நடித்த படங்களில் பெரும்பாலானவற்றில் அவருக்குச் செய்ய வேலையே இல்லை. நடக்க வேண்டும், சுட வேண்டும். விறகு வெட்டிய அந்தக் கைக்கு அது போதாது. அறுபது வயதைக் கடந்த மனிதரை ஒரே அச்சில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவரும் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார். அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். டன்னுக்கு ஒரு டாலர் வாங்கினவருக்குக் கிடைக்கிற வேலையை விடக்கூடாது என்பது ரத்தத்தில் ஊறியிருக்கும். ஆனால் ஒரு நல்ல நடிகரைப் பத்தாண்டுகளுக்கு வீணடித்தார்கள் என்பது என் வருத்தம்.

கண்டனூர்ப் பேரன் எழுதியது:

இழையை முழுக்கப் படித்தேன். எங்கள் ஐயாவை, அதாவது தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஐயா பதின்மூன்று வயதில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினவர். வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, முதலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, அப்புறம்தான் சொந்தக் கணக்கு. பகலெல்லாம் கிட்டங்கி என்ற கடைக்கட்டடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவது, ராத்திரி அங்கேயே படுக்கை. பினாங்கில் இருந்த காலத்தில் சினிமா ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அங்கே பார்த்த படங்களில் ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் வாயில் அடிக்கடி வந்தது 'தி கிரேட் எஸ்கேப்', 1963-இல் வந்தது. ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து தப்பிக்கக் கைதிகள் சுரங்கம் தோண்டும் கதை. அதில் பிரான்சனுக்குச் சுரங்கம் தோண்டுகிறவன் வேடம். தோண்டுவதில் கைதேர்ந்தவன் அவன், ஆனால் அடைபட்ட இடம் என்றால் அவனுக்கு உயிர் போகும் பயம். ஓர் இடத்தில் இனி உள்ளே போக மாட்டேன் என்று உடைந்துபோவான். நண்பன் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான்.

பிரான்சன் நிஜமாகவே சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பது ஐயாவுக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டு வளவில் உட்கார்ந்து, "அவன் நடிக்கலப்பா, அந்த ஆளு பட்டிருக்கான்" என்பார். சின்ன வயதில் அப்பா அம்மாவைப் பிரிந்து, பாஷை தெரியாத ஊரில், மூச்சு முட்டும் ஓர் அறையில் மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை ஊருக்குத் திரும்ப முடியாமல் கிடந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் ஆச்சரியப்பட்டதில்லை. அவர் அழுததை நாங்கள் யாரும் பார்த்தது கிடையாது. பேச்சும் குறைவுதான். வீட்டில் எல்லோருக்கும் அவரிடம் பயம். பிரான்சன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

என் ஓட்டு 'தி கிரேட் எஸ்கேப்'. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்பதும் தெரியும்.

ஆத்தங்குடி எழுதியது:

ஒரு கேள்வி. 1951-இல் முதல் படம். முதலிடத்தில் நிற்க 1974 ஆனது என்கிறீர்கள். இவ்வளவு திறமை இருந்தவரை ஏன் இருபத்து மூன்று வருஷம் காக்க வைத்தார்கள்?

செக்காலைவாசி எழுதியது:

முகம்தான் காரணம் ஐயா. அன்றைய ஹாலிவுட்டில் கதாநாயகன் என்றால் அதற்கு ஓர் இலக்கணம் வைத்திருந்தார்கள். இவர் முகத்தில் கோடுகள், சின்னக் கண்கள், கரடான தாடை. பூர்வகுடி அமெரிக்கர், மெக்சிகோக்காரர், அடியாள், இப்படியே வேடம் கொடுத்தார்கள். நடுவில் 1958-இல் 'மெஷின்-கன் கெல்லி' என்ற சின்னச் செலவுப் படத்தில் தலைமை வேடம் கிடைத்தது. அதோடு மறுபடி கூட்டத்தில் ஒருவராகப் போனார். 1967-இல் 'தி டர்ட்டி டஸன்' வந்தபோதும் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான்.

அவரை முதலில் கண்டுகொண்டது ஐரோப்பா. லியோனி தன் முதல் கௌபாய் படத்துக்கே இவரைக் கேட்டார், இவர் கதை பிடிக்காமல் மறுத்துவிட்டார். அந்த இடத்துக்குப் போனவர் கிளின்ட் ஈஸ்ட்வுட். 1968-இல் பிரான்சுக்குப் போய் அந்த ஊர் நடிகர் அலென் டெலோனோடு ஒரு படம், பிறகு 1970-இல் 'ரைடர் ஆன் தி ரெயின்'. இது சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான கோல்டன் குளோப் விருது வாங்கியது. 1971-இல் 'ரெட் சன்' படத்தில் ஜப்பானின் தொஷிரோ மிஃபூனேயும் டெலோனும் இவரும். அமெரிக்காவில் பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத காலத்திலேயே இந்தப் பக்கம் பெரிய நட்சத்திரம். ஜப்பானில் 1970-இல் மேண்டம் என்ற ஆண்களுக்கான வாசனைப் பொருளுக்கு விளம்பரத்தில் நடித்தார். விற்பனை எப்படி எகிறியது என்றால், அந்த நிறுவனம் தன் பழைய பெயரையே விட்டுவிட்டு மேண்டம் என்று மாற்றிக்கொண்டது. 1972-இல் உலகம் விரும்பும் நடிகர் என்று கோல்டன் குளோப்காரர்கள் அவருக்கும் ஷான் கானரிக்கும் சேர்த்து விருது கொடுத்தார்கள். அமெரிக்கா விழித்துக்கொண்டது அதற்கும் பிறகு.

சொந்த ஊரில் விலைபோகாமல் கடல் தாண்டிப் போய்ப் பேர் வாங்கித் திரும்பி வருவது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லையே.

பழைய ஆபரேட்டர் எழுதியது:

அந்தப் பிரெஞ்சுப் படங்களில் இன்னொன்றைக் கவனிக்கலாம். அங்கே அவரைச் சிரிக்க விட்டார்கள். 'ரைடர் ஆன் தி ரெயின்' படத்தில் கொட்டையை ஜன்னல் கண்ணாடி மேல் எறிந்து விளையாடுவார், குறும்பு தெரியும். ஹாலிவுட் அதைக் கடைசிவரை பயன்படுத்தவே இல்லை.

பள்ளத்தூர் மகள் எழுதியது:

பிரான்சனின் மனைவி, நடிகை ஜில் அயர்லாந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவரை விட்டுவிட்டு பிரான்சன் வாழ்க்கையைப் பேச முடியாது. 'தி கிரேட் எஸ்கேப்' படப்பிடிப்பு நடந்த காலத்தில்தான் இருவருக்கும் அறிமுகம். அப்போது ஜில் அதே படத்தில் நடித்த டேவிட் மெக்கல்லமின் மனைவி. அந்தத் திருமணம் முறிந்து, 1968-இல் பிரான்சனை மணந்தார். இருவர் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். ஏறத்தாழ பதினைந்து படங்களில் சேர்ந்து நடித்தார்கள். 1984-இல் ஜில்லுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதை ஒளிக்காமல் புத்தகமாகவே எழுதினார், மேடையேறிப் பேசினார். நம் வீடுகளில் இன்றைக்கும் அந்த நோயின் பெயரை உரக்கச் சொல்லத் தயங்குகிறோம், அதனால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. 1990 மே மாதம் காலமானார்.

அதற்கு அடுத்த வருஷம் வந்த படம் 'தி இண்டியன் ரன்னர்'. ஷான் பென் இயக்கிய முதல் படம். அதில் பிரான்சனுக்கு இரண்டு மகன்களின் தகப்பன் வேடம், மனைவியை இழந்து உள்ளுக்குள் நொறுங்கிப்போகும் கிழவர். கொஞ்ச நேரம்தான் வருவார். சண்டை இல்லை, அந்த மீசைகூட இல்லை. பிரான்சன் நடிக்கத் தெரியாதவர், முகத்தை வைத்துப் பிழைத்தவர் என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் காட்சிகளைத்தான் நான் காட்டுவேன். முரட்டு வேடத்தில் அவ்வளவு காலம் இருந்தவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

முழுப் படத்தைப் போடச் சொல்லவில்லை. அவர் வரும் இடங்களை மட்டும் கூட்டத்தின் முடிவில் காட்டலாமா?

செக்காலைவாசி எழுதியது:

காட்டலாம் ஆச்சி, கட்டாயம் காட்டலாம்.

இப்போது முழுப் படத்துக்கு வருகிறேன். எல்லோர் பேச்சையும் கேட்டபின் எனக்கு ஒரு படம் தோன்றுகிறது. 'ஹார்ட் டைம்ஸ்', 1975. வால்டர் ஹில் இயக்கிய முதல் படம். 1930-களில் அமெரிக்காவில் வேலையும் பணமும் வறண்ட பஞ்ச காலம். சரக்கு ரயிலில் ஒரு மனிதன் ஊருக்குள் வருகிறான், பெயர் சேனி, கையில் சில டாலர். நியூ ஆர்லியன்ஸில் பந்தயம் கட்டி வெறுங்கையால் குத்துச்சண்டை போடுகிறார்கள். ஸ்பீட் என்ற வாயாடித் தரகன் அவனைப் பிடித்துக்கொள்கிறான். ஜேம்ஸ் கோபர்ன் அந்த வேடம். அவர் பேசிக்கொண்டே இருப்பார், பிரான்சன் பேசவே மாட்டார். இந்த ஜோடிக்காகவே பார்க்கலாம்.

பிரான்சனுக்கு அப்போது 53 வயது. சட்டையைக் கழற்றி நிற்கும்போது அந்த உடம்பைப் பாருங்கள். அது உடற்பயிற்சிக் கூடத்தில் செய்த உடம்பு கிடையாது. பஞ்ச காலத்தில் பிழைக்க வந்த கூலிக்காரன் வேடத்தை, அதே பஞ்ச காலத்தில் சுரங்கத்துக்குள் போன ஒருவர் செய்கிறார். சேனி கோபத்தில் சண்டை போடுவதில்லை. பணத்துக்காகப் போடுகிறான், வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போகிறான். எதிராளியிடம் பகை கிடையாது. கடைசிச் சண்டையில் எதிராளியும் அவனும் ஒருவரை ஒருவர் மதிப்பதைக் கவனியுங்கள். தரகன் கடனில் மாட்டிக்கொண்டதால்தான் அந்தச் சண்டையையே ஒத்துக்கொள்கிறான். முடிந்ததும் பணத்தில் பங்கு பிரித்துக் கொடுத்து, தன் பூனையைப் பார்த்துக்கொள்ளவும் பணம் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான்.

நான் சொன்ன உழைப்பும் இதில் இருக்கிறது, ஆபரேட்டர் அண்ணன் சொன்ன அசையாமையும் இருக்கிறது. ஜில் அயர்லாந்தும் நடித்திருக்கிறார். 93 நிமிஷம்தான்.

ரஸ்தா தம்பி எழுதியது:

கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. கைச்சண்டை என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் 'டெத் விஷ்' பற்றிப் பத்து நிமிஷம் பேச எனக்கு நேரம் வேண்டும். 'நான் சிகப்பு மனிதன்' பக்கத்தையும் சேர்த்துத்தான். அக்கா மறுத்துப் பேசட்டும், கூட்டம் கேட்கட்டும்.

பள்ளத்தூர் மகள் எழுதியது:

பேசலாம் தம்பி. நாவலில் முடிவு எப்படி இருக்கிறது என்பதையும் நான் எடுத்து வருகிறேன்.

பழைய ஆபரேட்டர் எழுதியது:

என் படம் இரண்டே முக்கால் மணி நேரம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போனால் எனக்கு மனசு தாங்காது. லியோனி படத்துக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். இந்த முறை 'ஹார்ட் டைம்ஸ்' போடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: சண்டைக் காட்சிகளில் சத்தத்தைக் குறைக்க வேண்டாம். பின்னணி இசையை நம்பாமல், குத்து விழும் சத்தத்தையும் சுற்றி நிற்கும் கூட்டத்தின் இரைச்சலையும் வைத்தே கட்டியிருப்பார்கள்.

கண்டனூர்ப் பேரன் எழுதியது:

எனக்கும் சரி. 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் அந்தச் சுரங்கக் காட்சி மட்டும் என்னிடம் தனியாக இருக்கிறது. முதலில் அதைப் போட்டுவிட்டுப் படத்துக்குப் போகலாமா? எங்கள் அப்பச்சியும், அதாவது அப்பாவும், வருகிறேன் என்கிறார். ஐயாவோடு உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தவர்.

செக்காலைவாசி எழுதியது:

அப்பச்சியைக் கூட்டி வாருங்கள், அவரையே முதலில் பேசச் சொல்வோம். முதலில் சுரங்கக் காட்சி, அப்புறம் 'ஹார்ட் டைம்ஸ்', கடைசியில் 'தி இண்டியன் ரன்னர்' பகுதிகள். 'டெத் விஷ்' விவாதத்தை நடுவில் காபி குடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்வோம். வழக்கமான வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், சாயங்காலம் நாலு மணிக்கு. ஆங்கிலத் துணைவாசகம் ஓடும். கோபர்ன் பேசும் வேகத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆத்தங்குடி ஐயா, உங்கள் வீட்டு வெள்ளைத் திரையைக் கொண்டுவர முடியுமா? போன தடவை சுவரில் விழுந்த படம் மங்கலாக இருந்தது.

ஆத்தங்குடி எழுதியது:

கொண்டு வருகிறேன். மூன்று மணிக்கே வந்து கட்டிவிடுகிறேன், ஏணி மட்டும் தயாராக இருக்கட்டும்.